ஷிப்ட் வேலையிலிருந்து நாடக மேடைக்கு

சிங்கப்பூரில் நாடகத்தையே வாழ்க்கையாக்க விரும்பும் தொழிலாளி, கையிலிருக்கும் வேலையை உடனே விட்டுவிடக் கூடாது. 1988இல் தொடங்கிய ரவீந்திரன் நாடகக் குழு போன்ற தமிழ்க் குழுக்கள் நடிகர் தேர்வை அறிவிக்கும்போது, ஒத்திகை நாள்களை முன்கூட்டியே கேட்டறிந்து, மேற்பார்வையாளரிடம் பேசி ஷிப்டை மாற்றிக்கொள்ளுங்கள். ஒத்திகைக்கு ஒழுங்காக வராத ஒருவரை, எவ்வளவு திறமை இருந்தாலும், இயக்குநர் மறுமுறை அழைக்கத் தயங்குவார்.

வேடம் கிடைக்காவிட்டால் மேடைக்குப் பின்னால் வேலை கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நாற்காலி நிற்கவேண்டிய இடத்தைத் தரையில் நாடா ஒட்டிக் குறிப்பதும், விளக்கணைந்த சில நொடிகளுக்குள் அதைச் சத்தமின்றி அந்தக் குறியில் வைப்பதும், காட்சியின் நேரக்கணக்கை உடம்புக்கே பழக்கிவிடும். கிடங்கில் சரக்கு அடுக்கிப் பழகியவருக்கு இந்த ஒழுங்கு எளிதில் கைவரும்.

வசனத்தைப் பேருந்தில் மனப்பாடம் செய்யலாம். குரலுக்கோ திறந்தவெளி வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அண்டை வீட்டார் தூங்குவார்கள் என்பதால், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலைப் பார்த்து நின்று, கத்தாமல், வயிற்றிலிருந்து மூச்செடுத்துப் பேசிப் பழகுங்கள்.

முழுநேரப் பயிற்சிக்கு, நாடகக் கலைஞர்களான குவோ பாவ் குன்னும் தி. சசிதரனும் 2000இல் உருவாக்கிய, இன்று இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட் எனப்படும் பள்ளி இருக்கிறது. அது மூன்றாண்டுப் படிப்பு; ஆகவே கட்டணத்தோடு குடும்பச் செலவையும் கணக்கிட்டு, உதவித்தொகை பற்றி விசாரித்த பிறகே விண்ணப்பியுங்கள்.