ஒரு கொதி, இரண்டு வாளி: முதன்முதலாக பீர் செய்கிறவர்களுக்கு

வீட்டில் பீர் காய்ச்சுகிறேன் என்று ஊருக்குப் போனில் சொன்னால் மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இருக்காது. காய்ச்சுவது என்றதும் நம் ஆட்களுக்கு ஊறல் பானையும் போலீஸ் ரெய்டும்தான் கண்முன் வரும். பீரில் வடிப்பது என்ற வேலையே கிடையாது. கஷாயம் மாதிரி ஒன்றைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடிவைக்கிறோம். மீதியை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

நான் இருப்பது அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தில். இங்கே 1978-இல் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன் வரையும், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரையும் சொந்தத் தேவைக்கு வரியில்லாமல் பீர் செய்துகொள்ளலாம். விற்கக் கூடாது. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, அங்கிருந்து படிக்கிறவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் பீர் யாருக்கும் அவ்வளவு மோசமாக வராது. சிக்கல் இரண்டாவதில்தான் ஆரம்பிக்கிறது. பீருக்குக் கசப்பும் வாசமும் தருகிற ஹாப்ஸ் பூவை மாற்றுவோம், கூடவே ஈஸ்டையும் மாற்றுவோம், போகிற போக்கில் கொஞ்சம் தேனும் விடுவோம். நான் முதல் வருஷத்தில் ஏழு முறை செய்தேன், ஏழும் ஏழு விதம். எது எதனால் வந்தது என்று கேட்டால் ஒன்றுக்கும் பதில் தெரியாது. அதனால் இப்போது யாராவது கேட்டால் முதல் நாளே இரண்டு வாளி வாங்கச் சொல்கிறேன். ஒரே கொதியைப் பாதிபாதியாகப் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டு, மற்றதில் ஒரே ஒரு மாற்றம். கீழே இருப்பது அந்த முறைதான், மாற்றம் கொத்தமல்லி விதை.

வாங்க வேண்டியவை

பாத்திரங்கள்: 15 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாத்திரம், மூடியோடு கூடிய உணவுத்தர பிளாஸ்டிக் வாளி இரண்டு (ஏழரை லிட்டர் அளவு), ஏர்லாக் (உள்ளே உண்டாகும் காற்றை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சிறு அடைப்பான்) இரண்டு, தெர்மாமீட்டர், ஒரு கிராம் வரை காட்டும் தராசு, ஹைட்ரோமீட்டர், மூடி அழுத்தும் கருவி, சைஃபன் குழாய், பீர் பாட்டில்கள். ஹைட்ரோமீட்டர் வேறொன்றுமில்லை, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் பாலுக்குள் விடுவார்களே லாக்டோமீட்டர், அதே ஜாதி. இங்கே அது சர்க்கரை எவ்வளவு என்று சொல்லும்.

சரக்கு, 8 லிட்டர் பீருக்கு:
லைட் ட்ரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 900 கிராம்
நொறுக்கிய கிரிஸ்டல் 40 மால்ட் (நிறத்துக்கும் இனிப்புக்கும்) 150 கிராம்
கேஸ்கேட் ஹாப்ஸ் 32 கிராம்
யூஎஸ்-05 உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட் (11.5 கிராம்)
முழு மல்லி விதை 4 கிராம்

மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி. நம் ராகி மால்ட்டில் ராகிக்கு நடப்பதுதான் இதில் பார்லிக்கு நடக்கிறது. முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் உருவாகும். பிறகு வெந்நீரில் ஊறவைத்தால் அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அந்த வேலையை முடித்து, சாற்றைப் பொடியாக்கி விற்பதுதான் எக்ஸ்ட்ராக்ட். முழுத் தானியத்திலிருந்து செய்தால்தான் உண்மையான பீர் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போட ஒரு வருஷம் கழித்து நேரம் கிடைக்கும்.

கேஸ்கேட் ஹாப்ஸ் எங்கள் ஊர்ச் சரக்கு. 1972-இல் இதே ஓரிகனில் கோர்வாலிஸில் நடந்த ஆய்வில் உருவாகி வெளிவந்தது. பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினால் மூக்கில் ஏறுமே, அந்த வாசம். பாக்கெட்டைத் திறந்தால் மிச்சத்தைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.

சுத்தம்

இட்லி மாவைக் கையால் கலக்கினால்தான் நன்றாகப் புளிக்கும் என்று அம்மா சொல்வார். பீருக்கு அந்தக் கைதான் எமன். மாவில் எந்த நுண்ணுயிர் வந்தாலும் நமக்குச் சம்மதம். இங்கே பாக்கெட்டில் வாங்கிய ஒரே ஒரு ஈஸ்டைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. கொதி இறங்கிய பிறகு சாற்றில் படும் எல்லாவற்றையும், வாளி, மூடி, கரண்டி, கத்தரிக்கோல் உட்பட, முதலில் கழுவி, பிறகு ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கிக் கரைசலில் இரண்டு நிமிடம் நனைக்க வேண்டும். லிட்டருக்கு ஒன்றரை மில்லி போதும். அலச வேண்டாம், ஒட்டியிருக்கும் நுரை ஒன்றும் செய்யாது.

தண்ணீரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் ஆரம்பகால பீர் ஒன்றில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாசம் அடித்தது. குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லச் சேர்த்திருந்த குளோரமின், மால்ட்டில் உள்ள பொருள்களோடு சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். குளோரின் கொதித்தால் பெரும்பாலும் போய்விடும், குளோரமின் அவ்வளவு சுலபத்தில் போகாது. கேம்ப்டன் என்ற சல்ஃபைட் மாத்திரையில் எட்டில் ஒரு பங்கை நுணுக்கி 10 லிட்டரில் கரைத்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். அதுவும் வேண்டாம் என்றால் கேன் தண்ணீர் வாங்குங்கள்.

கொதி

பாத்திரத்தில் 10 லிட்டர் தண்ணீரை 68 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அடுப்பை அணையுங்கள். கிரிஸ்டல் மால்ட்டைப் பனீர் வடிகட்டும் துணியில் தளர்வாகக் கட்டி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். மூட்டையைத் தூக்கி, சொட்டு நின்றதும் எடுத்துவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் மட்டும் அதைப் போடாதீர்கள். உமியின் துவர்ப்பு இறங்கி, எடுக்காமல் கொதிக்க விட்டுவிட்ட டீத்தூள் மாதிரி ஆகிவிடும்.

அடுத்து எக்ஸ்ட்ராக்ட். அடுப்பு அணைந்தே இருக்கட்டும். இரண்டு காரணம். தீ எரியும்போது கொட்டினால் அடியில் உட்கார்ந்து கருகும். இன்னொன்று, ஆவி பட்டால் இந்தப் பொடி பையின் வாயிலேயே கல்லாக இறுகிவிடும், கரண்டியில் ஒட்டினால் மிட்டாய். ஒரு கிண்ணத்தில் முன்பே அளந்து வைத்து, பாத்திரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று, ஒரே வீச்சில் கொட்டிக் கிளறுங்கள். கட்டி தட்டினாலும் பயம் வேண்டாம், பத்து நிமிடத்தில் கரையும்.

இப்போது தீயை ஏற்றுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். கொதிக்கு முன்னால் வெண்ணிற நுரை ஒன்று மெதுவாகத் திரண்டு, திடீரென்று விளிம்பு வரை ஏறும். பாலைப் போலவேதான், ஆனால் இது அடுப்பில் வழிந்தால் கருகிய சர்க்கரைப் பாகு, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஏறும்போது தீயைக் குறைத்து, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் தெளியுங்கள். நுரை தானாக அடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், மொத்தம் 60 நிமிடம், மூடி போடாமல்.

தொடக்கத்தில் 12 கிராம் ஹாப்ஸ். இது கசப்புக்கு. ஒரு மணி நேரம் கொதித்தால் இதன் வாசமெல்லாம் ஆவியோடு போய்க் கசப்பு மட்டும் தங்கும். முடிய 10 நிமிடம் இருக்கும்போது 10 கிராம். அடுப்பை அணைத்ததும் கடைசி 10 கிராம், இது முழுக்க வாசத்துக்கு. ஹாப்ஸ் போடும் ஒவ்வொரு முறையும் நுரை மறுபடி ஒரு குதி குதிக்கும். மற்ற நேரத்தில் உட்கார்ந்து மல்லியைக் கவனிக்கலாம்.

மல்லிக் கஷாயம்

மல்லி பீருக்குப் புதிதல்ல. பெல்ஜியத்தின் கோதுமை பீரான விட்பியரில் மல்லியும் ஆரஞ்சுத் தோலும் வழக்கமான சரக்கு. மறைந்துபோயிருந்த அந்த வகையை ஹூகார்டன் ஊரில் பியர் செலிஸ் என்பவர் 1966-இல் மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். மல்லியை இந்தியக் கடையில் வாங்குங்கள். நீளவாக்கில் இருக்கும் நம் விதையில் எலுமிச்சை வாசம் தூக்கலாக இருக்கிறது. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்த உருண்டை விதையை ஒருமுறை போட்டேன், ரசப்பொடி டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது.

4 கிராம் விதையை இரண்டிரண்டாக உடையும் அளவுக்குத் தட்டி, சிறிய பாத்திரத்தில் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, 100 மில்லியாக அளந்து மூடிவையுங்கள். வறுக்கக் கூடாது. இன்னொரு பாத்திரத்தில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதிலும் 100 மில்லி. மல்லி போகாத வாளிக்கு இந்த வெறும் தண்ணீர் போகும். இல்லையென்றால் ஒரு வாளி கொஞ்சம் நீர்த்துப்போய், வித்தியாசம் மல்லியாலா தண்ணீராலா என்ற குழப்பம் வரும்.

ஆரஞ்சுத் தோலையும் கொஞ்சம் சீவிப் போட்டால் என்ன என்று கை துறுதுறுக்கும். எனக்கும் ஒவ்வொரு முறையும் துறுதுறுக்கிறது. அடுத்த கொதிக்கு வையுங்கள்.

ஆறவைத்துப் பிரிப்பது

அடுப்பை அணைத்துக் கடைசி ஹாப்ஸைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்து, பாத்திரத்தை மூடி, சிங்க்கில் ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். தண்ணீர் சூடாகச் சூடாக மாற்றிக்கொண்டே இருந்தால் முக்கால் மணி நேரத்தில் 20 டிகிரிக்கு வரும். சுமார் 8 லிட்டர் இருக்கும். குறைந்தால் காய்ச்சி ஆறிய தண்ணீர் சேருங்கள்.

அப்புறம், இரண்டு வாளிக்கும் மாறி மாறி ஊற்றுங்கள், ஒன்றை நிரப்பிவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். அப்படிச் செய்தால் அடிவண்டல் முழுக்க இரண்டாவதில் போய்ச் சேரும். டீக்கடையில் ஆற்றுவது மாதிரி கொஞ்சம் உயரத்திலிருந்து நுரைக்க ஊற்றினால் காற்றும் கலக்கும். உலர் ஈஸ்டுக்கு அது கட்டாயமில்லை, செய்தால் கெடுதலும் இல்லை. கஷாயம் ஒன்றில், வெறும் தண்ணீர் மற்றதில். எது எது என்று வாளியிலேயே எழுதுங்கள். நாளைக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

ஹைட்ரோமீட்டர் இரண்டிலும் 1.045 பக்கத்தில் காட்ட வேண்டும். குறித்துக்கொண்டு, ஈஸ்ட் பாக்கெட்டை எடை போட்டுப் பாதிபாதியாகத் தூவி, மூடி, ஏர்லாக்கில் தண்ணீர் விட்டு வையுங்கள்.

இரண்டு வாரம்

வைக்கும் இடம் 18 முதல் 20 டிகிரி. நொதிக்கும்போது வாளிக்குள் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். வெயில் காலத்தில் நான் வாளிகளை அகலமான தொட்டித் தண்ணீரில் வைத்து, ஈரத் துணி சுற்றி, ஃபேனைத் திருப்பிவிடுகிறேன். மண்பானைக்கு ஈரத்துணி சுற்றுகிற அதே கணக்கு. சூடு கூடினால் காரமான, நெயில் பாலிஷ் போன்ற நெடி வரும், அதைப் பிறகு எதுவும் சரிசெய்யாது.

ஒரு நாளில் ஏர்லாக் குமிழி விட ஆரம்பிக்கும். விடாவிட்டாலும் பதறாதீர்கள். வாளி மூடிகள் கசியும், காற்று அந்த வழியாகப் போயிருக்கும். தினமும் திறந்து பார்ப்பதுதான் உண்மையான ஆபத்து. பதினான்காம் நாள் ஹைட்ரோமீட்டர் 1.011 வாக்கில் வந்திருக்கும். மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். எண் மாறாமல் இருந்தால்தான் பாட்டில். சர்க்கரை தீருமுன் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கும், கண்ணாடி சிதறும். இந்த ஒரு இடத்தில் அவசரம் கூடவே கூடாது. 1.045-இலிருந்து 1.011-ஐக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4.5 சதவீதம் ஆல்கஹால்.

பாட்டிலில்

பாட்டிலில் நுரை வர லிட்டருக்கு 6 கிராம் சாதாரணச் சர்க்கரை. ஒரு வாளியில் வண்டல் போக 3.7 லிட்டர் தேறும், அதற்கு 22 கிராம். கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து, கிருமி நீக்கிய வேறு பாத்திரத்தில் ஊற்றி, அதன்மேல் பீரை சைஃபன் குழாயால் மெதுவாக இறக்குங்கள். கொதி நாளன்று காற்று கலந்தது பரவாயில்லை, இப்போது சலசலவென்று ஊற்றினால் நனைந்த அட்டை வாசம் வரும். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்தான் நல்லது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறும், பச்சைப் பாட்டில் அதைத் தடுக்காது. வாளிக்குப் பத்துப் பாட்டில் வரும். மல்லிப் பாட்டிலின் மூடியில் ஒரு புள்ளி வைத்து, 20 டிகிரியில் இரண்டு வாரம் விட்டு, பிறகு ஃப்ரிட்ஜ்.

மூன்று டம்ளர்

இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும், ஏனென்றால் எதில் என்ன என்று உங்களுக்கே தெரியும். அதனால் வேறு யாரையாவது ஊற்றச் சொல்லுங்கள். மூன்று டம்ளர், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிச் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாக வரும் என்பதால், ஆறு பேருக்காவது கொடுங்கள்.

போன வருஷம் கடைசி ஹாப்ஸை ஒரு பாதியில் மட்டும் இரட்டிப்பாக்கினேன். எப்பேர்ப்பட்ட வித்தியாசம் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். மனைவி மூன்று டம்ளரை நீட்டினார். நான் தவறான டம்ளரைக் காட்டினேன். வந்திருந்த ஆறு பேரில் இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள், அதாவது குருட்டாம்போக்கில் வருகிற அதே கணக்கு.

மல்லியில் அப்படி ஆகவில்லை, ஆறில் ஐந்து பேர் பிடித்துவிட்டார்கள். ஆனால் அதில் மூன்று பேர் சாதா பீர்தான் நன்றாக இருக்கிறது, மல்லி கொஞ்சம் அதிகம் என்றார்கள். எனக்கு அது சரியான அளவாகத்தான் பட்டது. இருந்தாலும் போன ஞாயிற்றுக்கிழமை கொதியில் ஒரு வாளிக்கு 4 கிராம், மற்றதற்கு 2 கிராம் போட்டு வைத்திருக்கிறேன்.