குழந்தைக்கு இதய ஆபரேஷன்: தேறிவரும்போது நிலைமை சறுக்கினால் பெற்றோர் செய்யக் கூடாதவை

கைக்குழந்தைக்கு இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. சில நாளில் வென்டிலேட்டர் குழாயையும் எடுத்துவிடுகிறார்கள். ஐசியு வாசலில் இருக்கும் குடும்பம் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிடுகிறது. மறுநாள் காலை டாக்டர் வந்து, "மூச்சு திணறியதால் மறுபடி குழாய் போட்டிருக்கிறோம்" என்கிறார். ஆபரேஷன் அன்றைக்கு அழாதவர்கள்கூட அன்றைக்கு உடைந்துபோகிறார்கள்.

இதை உடனே "ஆபரேஷன் தோற்றுவிட்டது" என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழல் மிகவும் குறுகலானது. குழாய் இருந்த இடம் கொஞ்சம் வீங்கினாலோ சளி அடைத்தாலோ திணறல் வந்துவிடும். வேறு காரணங்களும் இருக்கலாம். அதனால் "எப்போது வீட்டுக்கு விடுவீர்கள்?" என்பதைவிட, "ஏன் திரும்பப் போட வேண்டி வந்தது, எது சரியானால் அடுத்த முறை எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். இதற்கு டாக்டரால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும், உங்களுக்கும் அடுத்த சில நாள் எதைக் கவனிப்பது என்று தெரியும். கேட்பது ஒருவராகவே இருக்கட்டும். அப்பா ஒரு டாக்டரிடமும் மாமா ஒரு சிஸ்டரிடமும் கேட்டுவந்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

பக்கத்துப் படுக்கையைப் பார்த்து நாள் எண்ணாதீர்கள். இதய ஓட்டையை மூடுவதும், பிறந்த சில நாளில் பெரிய ரத்தக்குழாய்களையே இடம் மாற்றித் தைப்பதும் ஒன்றல்ல. பின்னதில் நெஞ்சைச் சில நாள் மூடாமலே வைத்திருப்பதும் உண்டு.

அடுத்தது பால். இதில்தான் ஈடுகட்டக் கடினமான இழப்பு நேர்கிறது. சில குழந்தைகளுக்கு, உள்ளே சேரும் திரவத்தை வெளியேற்ற நெஞ்சில் வைத்த டிரெயின் குழாயில் திடீரென்று பால் போல வெள்ளையாகத் திரவம் வரும். கொழுப்பைச் சுமந்து போகும் நிணநீர்க் குழாய் கசிவதுதான் காரணம்; கைலோதோராக்ஸ் என்பார்கள். அம்மா எதையோ சாப்பிட்டதால் வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலும் சில வாரங்களுக்குச் சாதாரணப் பாலை நிறுத்திவிட்டு, எம்.சி.டி. என்ற வேறு வகைக் கொழுப்பு சேர்த்த பால்பவுடர் கொடுப்பார்கள். "குழந்தைக்குத்தான் கொடுக்கப்போவதில்லையே" என்று அம்மா பீய்ச்சி எடுப்பதை விட்டுவிட்டால் பால் வற்றிவிடும். கசிவு நின்று, தாய்ப்பால் கொடுக்கலாம் என்று சொல்லும்போது பால் இருக்காது. ஒரு நாளைக்கு எட்டு முறையாவது, அதில் ஒரு முறை நடு இரவிலும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே, எவ்வளவு நாள் சேமிக்கலாம் என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அம்மா நேரத்துக்குச் சாப்பிட்டாரா என்று பார்ப்பது மற்றவர்கள் பொறுப்பு.

அம்மாவிடம் எதையும் மறைக்கவும் கூடாது. சிசேரியன் தையல் வலியோடு இருக்கிறாளே என்று "நல்லா இருக்கான், கவலைப்படாதே" என்பார்கள். ஐசியுவுக்குள் போய் மறுபடி குழாயோடு பிள்ளையைப் பார்க்கும்போது அவருக்கு எப்படி இருக்கும்? அதற்கப்புறம் வீட்டார் சொல்லும் நல்ல செய்தியைக்கூட அவர் நம்ப மாட்டார். டாக்டர் பேசும்போது அவரையும் உட்கார வையுங்கள்.

விபூதி, எண்ணெய், கயிறு எதையும் ஐசியுவுக்குள் கொண்டுபோகாதீர்கள். தையலும் குழாய்களும் உள்ள உடம்பில் கிருமி ஏற அது வழியாகிவிடும். உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வெளியிலேயே இருங்கள்.

நாள் நீள நீளப் பணக் கவலை வரும். அதற்காக, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் நீங்களாகக் கேட்டு டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை என்றால், கூடுதல் நாட்களுக்கு என்ன வழி என்று ஆஸ்பத்திரியில் உள்ள திட்ட அலுவலரிடம் முதலில் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின், நெஞ்செலும்பு கூடும்வரை, அதாவது ஆறு வாரம்போல, அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. தலைக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்து அள்ளியே தூக்குங்கள். பால் குடிக்கும்போது வியர்த்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் சீழ் தெரிந்தாலோ அன்றைக்கே கூட்டிப்போங்கள். உதடு நீலமானால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.