டெக்ஸ்டைல் டிசைன் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்ஸ்டைல் டிசைன் படிப்பின் இரண்டாம் ஆண்டில், துளையிட்ட அட்டைகள் வழியாகப் பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறியில் என் டிசைனை முதன்முறையாக நெய்து பார்த்த நாள் இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. கிராஃப் தாளில் ஒரு வட்டம் வரைந்து கொடுத்திருந்தேன். அகலம் 48 கட்டம், உயரம் 48 கட்டம். துணியில் வந்தது நெட்டுக்குத்தாக நின்ற ஒரு முட்டை. நீளவாக்கில் ஓடும் பாவில் அங்குலத்துக்கு 80 இழை, குறுக்கே ஓடும் ஊடையில் அங்குலத்துக்கு 60 இழை. 48 பாவு இழை என்றால் 0.6 அங்குல அகலம். 48 ஊடை என்றால் 0.8 அங்குல உயரம். சதுரக் கட்டத்தில் வரைந்த வட்டம் வேறு எப்படி வரும்? அந்தத் துணியின் அடர்த்திக்கு ஏற்ப, எட்டுக்கு ஆறு என்று பிரித்த கிராஃப் தாளை எடுத்திருக்க வேண்டும். நெசவாளர் இதை ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். நான் அதற்குள் மூன்று வாரம் செலவழித்திருந்தேன்.

இந்தப் படிப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஓரிடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. டிசைன் என்றால் வரைவது, அது தாளிலோ திரையிலோ முடிந்துவிடும் என்ற நினைப்பு. அந்த நினைப்போடு சேருகிறவர்கள் முதல் இரண்டு ஆண்டுகள் மிகவும் சிரமப்படுகிறார்கள். நானும் பட்டேன். என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகளும் அதே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் படிப்பு என்று பார்க்காமல் சேருவது

முதல் தவறு கல்லூரிக்குள் நுழைவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. "டெக்ஸ்டைல் படிக்கணும்" என்று பிள்ளை சொல்கிறது, பெற்றோரும் தலையாட்டுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கைந்து வேறு வேறு படிப்புகள் இருக்கின்றன.

டெக்ஸ்டைல் டெக்னாலஜி என்பது பொறியியல். நூற்பு, நெசவு இயந்திரங்கள், சாய வேதியியல், தரக்கட்டுப்பாடு எல்லாம் அதில் வரும். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் பி.டெக் ஆகப் படிக்கலாம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்து, பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேர வேண்டும். டெக்ஸ்டைல் டிசைன் என்பது பி.டெஸ். என்ற நான்கு ஆண்டு வடிவமைப்புப் பட்டம். அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யிலும், 1986-ல் தொடங்கிய தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்டின் சில வளாகங்களிலும் இது இருக்கிறது. சென்னையில் நிஃப்ட் தரமணியில் உள்ளது. இந்தப் பட்டத்துக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

ஃபேஷன் டிசைன் என்பது ஆடையின் வெட்டு, வடிவம், தோற்றம் பற்றியது. துணி அங்கே மூலப்பொருள். நமக்கோ துணியே முடிவுப்பொருள். நிஃப்டில் பின்னலாடைக்கு நிட்வேர் டிசைன் என்று தனியாக ஒரு துறையே உண்டு. அதே நிஃப்டில் பி.எஃப்.டெக் என்பது ஆடை உற்பத்தி சார்ந்தது, அதில் சேரக் கணிதம் வேண்டும். அப்புறம் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. நெசவு நுட்பத்தை ஆழமாகக் கற்க விரும்புகிறவர்கள் அங்கே கைத்தறி மற்றும் ஜவுளித் தொழில்நுட்பத்தில் மூன்று ஆண்டு டிப்ளமோ படிக்கலாம். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் கவின் கலைப் பட்டத்திலும் துணி வடிவமைப்பு ஒரு பிரிவாக உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இந்த இரண்டு வழிகளும் தெரிவதே இல்லை. எனக்கு இது உண்மையாகவே வருத்தம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள்கூட சேலத்தைப் பற்றிக் கேள்விப்படாமல் வேறு ஏதோ படிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள்.

சேருவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். விண்ணப்பிக்கும் படிப்பின் பாடத்திட்டத்தை எடுத்து, நெசவு எத்தனை செமஸ்டர், அச்சு எத்தனை செமஸ்டர், சாயம் உண்டா, தறி எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். நேரில் போய்த் தறிக்கூடத்தைப் பாருங்கள். பாவு ஏற்றிய தறிகள் இருக்க வேண்டும். தூசி படிந்து, பாவு இல்லாமல் நிற்கும் தறி இருந்தால் அந்தக் கல்லூரியில் நெசவு பெயருக்குத்தான் நடக்கிறது என்று அர்த்தம். அழகான முகப்புக் கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நுழைவுத் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. "எனக்கு நன்றாக வரைய வரும், போதும்" என்று நினைப்பவர்கள் நிறைய. நிஃப்டின் சிச்சுவேஷன் டெஸ்டில், கொடுக்கும் பொருட்களை வைத்து கையால் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த மயிலும் தாமரையும் அங்கே உதவாது. காகிதம், நூல், குச்சி, கம்பி என்று கையில் கிடைப்பதை வைத்து வீட்டிலேயே செய்து பழகுங்கள்.

நூலைத் தெரிந்துகொள்ளாமல் துணியை வடிவமைப்பது

சேர்ந்த பிறகு நடக்கும் தவறுகளில் இதுதான் பெரியது. நார், நூல், நெசவு அமைப்பு வகுப்புகளை "தியரி" என்று ஒதுக்கிவிட்டு, வண்ணம் தீட்டும் வகுப்புக்கு மட்டும் ஆசையாகப் போவது.

பருத்தி நூலின் நம்பரை எடுத்துக்கொள்வோம். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் கொண்ட கண்டு (நூல் சுருள்) எத்தனை இருக்கிறதோ அதுதான் கவுண்ட். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 40 கண்டு, அதாவது 33,600 கெஜம். எனவே நம்பர் கூடக்கூட நூல் மெலியும். டெனியர் கணக்கு நேர் எதிர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிக்கும். பட்டும் பாலியஸ்டரும் டெனியரில் வரும், பருத்தி கவுண்டில் வரும். இரண்டையும் ஒரே துணியில் சேர்க்கப் போகிற மாணவர் இந்த இரண்டு கணக்கும் தெரியாமல் நூல் வாங்கினால் என்ன ஆகும்? இன்னொன்று, 2/40 என்று எழுதியிருந்தால் அது இரண்டு 40-ஆம் நம்பர் இழைகளை முறுக்கிய நூல், தடிமனில் ஏறக்குறைய 20-ஆம் நம்பருக்குச் சமம். இதை 80 என்று நினைத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய துப்பட்டா வேண்டும் என்று ஆரம்பித்து, மேசை விரிப்பு மாதிரி ஒன்று தறியிலிருந்து இறங்கும்.

அடுத்தது மிதப்பு. ஊடை இழை பல பாவு இழைகளைத் தாண்டிப் போகும்போது துணியின் மேல் கட்டுப்படாமல் கிடக்கும். தாளில் பார்க்க அந்த இடம் அழுத்தமான, தெளிவான வண்ணமாக இருக்கும். துணியில் வளையலிலும் மெட்டியிலும் மாட்டி இழுக்கும். பெரிய பூ ஒன்று வரைந்தால் அதன் இதழுக்குள் இழையை எங்கெங்கே கட்டுவது என்பதும் டிசைனின் பகுதிதான். அந்தக் கட்டுப்புள்ளிகளையே சின்ன நரம்பு மாதிரி அமைத்து அழகாக்கும் நெசவாளர்கள் இருக்கிறார்கள். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது கடினம். பழைய புடவை ஒன்றைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தை அரை மணி நேரம் பாருங்கள்.

அச்சிலும் இதே கதைதான். உருளை வடிவச் சல்லடை போன்ற சுழலும் ஸ்கிரீனில் அச்சடிக்கும் ஆலைகளில் பரவலாகப் பயன்படும் ஸ்கிரீனின் சுற்றளவு 64 செ.மீ. ஆகவே டிசைன் திரும்பத் திரும்ப வரும் அளவான ரிப்பீட்டின் உயரம் 64, 32, 21.3, 16 என்று அந்த எண்ணைச் சமமாகப் பிரிக்க வேண்டும். 25 செ.மீ. ரிப்பீட்டில் அருமையாக வரைந்துகொண்டு போனால், ஆலையில் அதைத் திருத்தி வரையச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு ஸ்கிரீன். பதினைந்து வண்ணத்தில் செய்த டிசைனை எட்டு வண்ணத்துக்குச் சுருக்கியும் உயிர் போகாமல் வைத்திருப்பதுதான் திறமை. டிஜிட்டல் அச்சில் இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பது சரிதான், ஆனால் அதில் மட்டும் பழகியவர்கள் ஸ்கிரீன் அச்சு வேலைக்கு வரும்போது தடுமாறுகிறார்கள்.

திரையில் தெரியும் நிறத்தை நம்புவது

கணினித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, துணி சாயத்தால் காட்டுகிறது. திரையில் மின்னும் சில பச்சைகளும் ஊதாக்களும் பருத்தியில் வரவே வராது. அதனால்தான் தொழிலில் பான்டோன் நிறுவனத்தின் எண்ணிட்ட பருத்தி நிற மாதிரிகளை வைத்து, துணியோடு துணியை ஒப்பிட்டுப் பேசுகிறோம்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. புடவைக் கடையில் நம் அம்மாக்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பார்கள் இல்லையா? கடை விளக்கில் புடவையும் ரவிக்கைத் துணியும் ஒரே நிறமாக இருக்கும். வெளியே வந்தால் ஒன்று சிவப்பு சாயும், மற்றது பழுப்பு சாயும். வேறு வேறு சாயக் கலவைகள் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்பதை மெட்டமெரிசம் என்பார்கள். ஆலைகளில் இதற்கென்றே விளக்குப் பெட்டி இருக்கிறது, பகல் வெளிச்சம், கடை விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். மாணவர்கள் விடுதி அறையில் டியூப் லைட்டுக்குக் கீழே நிறம் முடிவு செய்வதை விட்டுவிட்டு, அம்மாக்களின் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

இயற்கைச் சாயம் மீது இப்போது எல்லோருக்கும் ஆசை. எனக்கும் உண்டு. ஆனால் மஞ்சளில் தோய்த்த துணியைப் படம் எடுத்துப் போர்ட்ஃபோலியோவில் போடும் முன், அதை ஒரு வாரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் வெயிலில் வெளிறிவிடும். சலவைக்கும் உரசலுக்கும் நிறம் நிற்பதை 1 முதல் 5 வரையும், வெளிச்சத்துக்கு நிற்பதை 1 முதல் 8 வரையும் மதிப்பிடுகிறார்கள். மாதிரியோடு அந்த எண்ணையும் எழுதி வைத்தால் உங்கள் வேலைக்கு மரியாதை கூடும்.

நெசவாளரை "லேபர்" ஆகப் பார்ப்பது

இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சூடாகத்தான் வரும். வடிவமைப்புப் படிப்புகளில் கைத்தொழில் ஊர் ஒன்றில் தங்கி ஆவணப்படுத்தும் பாடம் உண்டு. மாணவர்கள் கேமராவோடு வருகிறார்கள், தறியைப் படம் எடுக்கிறார்கள், மோட்டிஃபுகளை டிரேஸ் எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். பிறகு அந்த ஊரின் மாங்காயும் ருத்ராட்சமும் யாருடைய பெயரும் இல்லாமல் மாணவரின் "கலெக்‌ஷன்" ஆகிவிடுகின்றன.

காஞ்சிபுரத்தின் கோர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஒவ்வொரு ஊடைக்கும், ஊடை நூலை ஏந்தி ஓடும் நாடாக்களில் உடலின் நாடாவும் கரைகளின் நாடாக்களும் சந்தித்து, இழைகள் ஒன்றோடொன்று கோர்த்துத் திரும்ப வேண்டும். மூன்று நாடா ஓடும் இந்த வேலைக்குத் தறியில் நெசவாளரோடு இன்னொருவரும் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும் ஒருவர்தான். "கரையை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொடுங்கள்" என்று மாணவர் எளிதாகச் சொல்லிவிடுகிறார். அந்த "கொஞ்சம்" என்பதற்குப் புது அட்டை குத்த வேண்டும், சில சமயம் பாவையே மாற்றிப் பிணைக்க வேண்டும். நெசவாளருக்கு நெய்து முடித்த புடவைக்குத்தான் கூலி. தறி நின்ற நாட்களுக்குக் கூலி இல்லை.

ஆகவே மாதிரி நெய்யச் சொல்லும் முன் தறி நிற்கும் நாட்களுக்கும் சேர்த்துப் பேசி முடியுங்கள். கல்லூரி தராவிட்டால் உங்கள் செலவுக் கணக்கில் அதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். மோட்டிஃபுக்கு அந்த ஊரில் என்ன பெயர், யார் சொன்னது என்று எழுதுங்கள், அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் போடுங்கள். ஐயா, அம்மா என்று கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றுவது போன்ற சின்ன வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். ஒரு நாள் தார் சுற்றினால் கிடைக்கிற பேச்சு ஒரு வாரம் கேள்வித்தாள் வைத்துக் கேட்டாலும் கிடைக்காது.

வேலைக்குப் போகும் நேரத்தில்

படிப்பு முடிந்தால் சொந்த பிராண்டு என்று எல்லோரும் கனவு காண்கிறார்கள். நல்ல கனவுதான். ஆனால் கரூரில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துணி ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களில் இரண்டு ஆண்டு இருந்தால், ஒரே டிசைனைப் பத்து விலையில் எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ளலாம். வீட்டு உபயோகத் துணி வேலை கவர்ச்சியில்லாதது என்று ஒதுக்குவது தவறு. திருப்பூருக்குப் போக நினைப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பின்னலாடை. பாவும் ஊடையும் இல்லை, வளையங்கள்தான். நெசவு மட்டும் கற்றவருக்கு அது புது மொழி. இன்டர்ன்ஷிப்பிலாவது ஒரு பின்னல் ஆலையில் இருந்து பாருங்கள்.

இன்டர்ன்ஷிப்பில் செய்த டிசைன் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே சொந்தம். சந்தைக்கு வராத டிசைனை அனுமதி இல்லாமல் போர்ட்ஃபோலியோவில் போட்டால் நிறுவனத்துக்கும் இழப்பு, உங்கள் பெயருக்கும் கெடுதல். எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். போர்ட்ஃபோலியோவில் பளபளப்பான படங்களை மட்டும் அடுக்காமல், கெட்டுப்போன மாதிரிகளையும் வையுங்கள். நேர்முகத்தில் அந்த முட்டை வடிவ வட்டத்தைக் காட்டி, ஏன் அப்படி ஆனது, பிறகு என்ன செய்தேன் என்று விளக்கினேன். அதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள்.

நெய்த ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு துண்டு வெட்டி, நூல் நம்பர், அச்சு எண் (தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பின் எண்), ஊடை எண்ணிக்கை, சாயம், தேதி எழுதி ஒட்டி வையுங்கள். நான்கு ஆண்டுகளின் உண்மையான பாடப்புத்தகம் அதுதான். "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று விட்டதில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

கல்லூரி திறக்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்றால், இழை எண்ணும் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அங்குலச் சட்டம் கொண்ட சின்ன லென்ஸ். வீட்டில் இருக்கும் கைலி, துண்டு, தலையணை உறை, பாட்டியின் புடவை எல்லாவற்றிலும் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் கைலி. கட்டம் இருப்பதால் எண்ணுவது எளிது.