ஆலிவ் கொட்டைக்குத் தந்தை யார்? எஸ்எஸ்ஆர் குறிப்பான்களால் கண்டுபிடிக்கும் முறை

பையால் மூடிய ஆலிவ் கிளையில் காய் பிடித்தால், அந்த ரகம் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்று எழுதிவிடுவது பழைய வழக்கம். ஒரே ரகத்தைப் பற்றி முரணான முடிவுகள் குவிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆலிவ் மகரந்தம் காற்றில் பரவுவது. மே மாதத்தில் ஸ்பெயினின் அந்தலூசியத் தோப்புகளில் அது படியாத இடமே இருக்காது. ஆகவே கருவின் டிஎன்ஏவைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. அதற்கு உதவுபவை எஸ்எஸ்ஆர் குறிப்பான்கள்: டிஎன்ஏவில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள். அவற்றின் நீளம் ரகத்துக்கு ரகம் மாறும்.

தாய் மரம், சுற்றியுள்ள ரகங்கள் எல்லாவற்றின் இலையிலிருந்தும் முதலில் டிஎன்ஏ எடுத்துச் சரிபாருங்கள். பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். ஒரே ரகம் ஊருக்கு ஒரு பெயரில் இருக்கும். குச்சி நட்டும் ஒட்டுக் கட்டியும் பெருக்குவதால் ஒரு தோப்பின் அர்பெகினா ரக மரங்கள் எல்லாம் மரபணுவில் ஒன்றேதான். எந்த ரகம் தந்தை என்று சொல்லலாம். எந்த மரம் என்று சொல்ல முடியாது.

முதல் மொட்டு விரிவதற்கு முன்பே பை கட்டுங்கள். மகரந்தத் தூளின் அளவு ஏறத்தாழ 20 மைக்ரான். சாதாரணத் துணியும் வலையும் அதைத் தடுக்காது. இரட்டை அடுக்குத் தாள் பையைப் போட்டு, வாயில் பஞ்சு வைத்துக் கட்ட வேண்டும். இதழ் உதிர்ந்து சூல்முடி காய்ந்த பிறகே பிரிக்கலாம். திறந்த மகரந்தச் சேர்க்கையிலேயே பூவில் பெரும்பாலும் 1 முதல் 5% தான் காயாகும். எனவே ஆயிரக்கணக்கான பூக்களை மூடினால்தான் போதிய கொட்டை கிடைக்கும். விதையில்லாத சிறு காய்களைத் தனியாக எண்ணுங்கள், அவற்றில் சோதிக்கக் கரு கிடையாது.

இலையுதிர் காலத்தில் காய் பறித்து, சதை நீக்கி, ஓட்டை இடுக்கியால் உடைத்து, விதையை ஓர் இரவு நீரில் ஊறவிடுங்கள். அடுத்ததுதான் முழு வேலையின் உயிர்நாடி. விதையுறை முழுக்கத் தாயின் திசு; கருவூணில் (கருவுக்கு உணவாகும் திசு) தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. இவற்றில் துணுக்கு ஒட்டியிருந்தாலும் தந்தையின் அல்லீலைக் (ஒரே டிஎன்ஏ இடத்தின் மாற்று வடிவம்) காட்டும் வரைபட உச்சி அமுங்கி, அயல் மகரந்தக் கரு 'தன் மகரந்தம்' போலத் தெரியும். இரண்டையும் உரித்துவிட்டுக் கருவை நீரில் கழுவிய பிறகே சிடிஏபி என்ற வேதிப்பொருள் முறையில் டிஎன்ஏ பிரியுங்கள்.

டிசிஏ09, டிசிஏ16, டிசிஏ18, காபு101, காபு103ஏ, யுடிஓ99-043 போன்ற சோதித்துத் தேறிய குறிப்பான்களில் எட்டு முதல் பத்து வரை போதும். பிசிஆருக்கு (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் வினை) 10–20 நானோகிராம் டிஎன்ஏ, 35 சுற்று. கடைசியில் 72 டிகிரியில் 30 நிமிடம் விட்டால் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்தால் (காரம்) வேறுபடும் இரட்டை உச்சிகள் குறையும். ஒவ்வொரு தட்டிலும் தாயின் மாதிரி ஒன்றும் டிஎன்ஏ இல்லாத குழி ஒன்றும் இருக்கட்டும்.

தாயிடம் இல்லாத அல்லீல் இரண்டு குறிப்பான்களிலாவது தெரிந்தால் அயல் மகரந்தம் என்று எழுதுங்கள். ஒன்றில் மட்டும் என்றால் வாசிப்புப் பிழையாக இருக்கலாம், மறுபடி ஓட்டுங்கள். எல்லாமே தாயின் அல்லீலாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். தாயில் இரு வேறு அல்லீல் உள்ள இடங்களில், தன் மகரந்தக் கருக்கள் சராசரியாகப் பாதியில் ஒரே அல்லீலைக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட பத்து தனித்தனி இடங்களிலும் கரு தாயை அச்சாக ஒத்திருக்க வாய்ப்பு 1,024இல் 1 மட்டுமே. அது பெரும்பாலும் தாய்த் திசுக் கலப்பு. 60 கருவில் ஒன்றுகூடத் தன் மகரந்தம் இல்லையென்றால், '0%' என்று போடாமல் '95% நம்பகத்தில் ஏறக்குறைய 5%க்குக் கீழ்' என்று போடுங்கள்.

ஆலிவ் ரகங்கள் ஜி1, ஜி2 என இரண்டே பொருந்தாமைக் குழுக்களில் அடங்கும் என்று 2017இல் காட்டப்பட்டது. ஒரே குழுவுக்குள் மகரந்தம் செல்லாது. தந்தைப் பட்டியலைக் குழுவோடு ஒப்பிடுங்கள். தாயின் குழுவைச் சேர்ந்த ரகமே தந்தையாக வந்தால், அதே அல்லீல்களைக் கொண்ட, தோப்புக்கு வெளியிலுள்ள ரகம் ஒன்று விடுபட்டிருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும்.