நேரடி விற்பனை ஹெல்த் டிரிங்கை மலைக் கடைகளில் வைப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரி, அரவேணு பக்கத்துச் சின்னக் கடைகள் சிலவற்றில் நான் எடுத்து விற்கும் பானப் பொடி இப்போது ஓடுகிறது. "எப்படிக்கா கடைக்குள்ள நுழைஞ்சீங்க?" என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொருவராக வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கம்பெனியில் சேர்ந்து ஐடி போடுவது, ஆர்டர் எடுப்பது எல்லாம் உங்கள் அப்லைன் (உங்களைச் சேர்த்துவிட்டவர்) சொல்லிக் கொடுத்திருப்பார், அதற்குள் போகவில்லை.

படி 1: கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்

இதைச் செய்யாமல் பையைத் தூக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே நேரடி விற்பனை என்பதை, நிரந்தரச் சில்லறைக் கடை வழியாக இல்லாமல் விற்பனையாளர்கள் வழியாக விற்பது என்றுதான் வரையறுக்கிறது. அதனால் பல கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் கடை அலமாரியில் வைக்கக் கூடாது என்றே இருக்கும். சில கம்பெனிகள் தனியார் சின்னக் கடை, பார்லர், ஜிம் வரைக்கும் விடுவார்கள், சூப்பர் மார்க்கெட்டுக்கு விடமாட்டார்கள். என்னுடையது அந்த ரகம்.

அப்லைன் போனில் "அதெல்லாம் வைக்கலாம்மா" என்றால் அது அனுமதி ஆகாது. மெயிலில் கேளுங்கள், வந்த பதிலைப் பிரிண்ட் எடுத்து ஐடி கார்டோடு ஃபைலில் வையுங்கள். பதில் "கூடாது" என்று வந்தால் இந்தப் பதிவு உங்களுக்கு இங்கேயே முடிகிறது. மறைத்து வைத்தால் ஒருநாள் யாராவது போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புவார்கள், ஐடி போய்விடும்.

கூடவே, உங்கள் பெயரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவும் வேண்டும். அவர்களுடைய ஃபாஸ்காஸ் தளத்தில் ஆன்லைனிலேயே போடலாம். அந்த 14 இலக்க எண் உங்கள் பில்லில் இருக்க வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

படி 2: பாட்டிலா, பொடியா?

பொடிதான். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில், குளிர்பானப் பாட்டில்களுக்குத் தடை. கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். உங்கள் பானம் எவ்வளவு சத்தானதாக இருந்தாலும் அவர்கள் கண்ணுக்கு அது பிளாஸ்டிக் பாட்டில்தான். கண்ணாடி பாட்டில் என்றால் சுமை, உடைசல், இரண்டும் நம் தலையில்.

பொடியிலும் டப்பாவை விடச் சின்னப் பாக்கெட் நல்லது. ஆடி மாத மூடுபனியில் டப்பாவைத் திறந்து வைத்தால் பொடி கட்டி தட்டிவிடும், கரண்டியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். அதைப் பார்த்த வாடிக்கையாளர் திரும்ப வாங்க மாட்டார்.

படி 3: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

நான் மாட்டிய இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரவேணு பக்கம் ஒரு மளிகைக் கடை அண்ணா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பெட்டியைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். முன்பக்கம் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் திருப்பி, பெருவிரலால் ஓரத்தைத் தடவித் தேடினார். "ஏம்மா, இதுல விலை எங்க?"

பெட்டியில் எம்.ஆர்.பி. இருந்தது, உள்ளே இருந்த பாக்கெட்டில் இல்லை. தனியாக விற்பதற்கல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவர் கடை வாசலில் ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய் எல்லாம் சரம் சரமாகத் தொங்குகிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை முடித்து வருபவர் அறுநூறு ரூபாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாரா? ஒன்றே ஒன்று கிழித்துக் கேட்பார். விலையும் தேதியும் இல்லாத பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால், ஆய்வுக்கு வரும் அதிகாரி கேள்வி கேட்பது கடைக்காரரை.

ஆகவே கடைக்குப் போகும் முன், ஒவ்வொரு பாக்கெட்டிலும் விலை, எடை, தயாரிப்பு தேதி, காலாவதி, தயாரித்தவர் முகவரி தனியாக அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பெனியில் சில்லறை பேக் இருக்கிறதா என்று கேளுங்கள். என் கம்பெனியில் இருந்தது, கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில். நீங்களே ஸ்டிக்கர் அடித்து ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

படி 4: எந்தக் கடை, எப்போது

ஊட்டி, குன்னூர் பஜாரில் சுற்றுலாப் பயணிகளை நம்பி இருக்கும் கடைகளை விடுங்கள். அவர்களுக்கு வர்க்கியும் சாக்லேட்டும் தைலமும் போதும். மே மாதம் பேசக்கூட நேரம் இருக்காது. உள்ளூர்க்காரர் தினமும் வரும் மளிகை, மெடிக்கல், நாட்டு மருந்துக் கடை, இவைதான் நமக்கு. சிறு விவசாயிகளுக்குப் பச்சைத் தேயிலைப் பணம் வந்த வாரத்தில் ஊர்க் கடைகளில் பழைய பாக்கி தீரும், கடைக்காரர் முகமும் கொஞ்சம் தெளிவாக இருக்கும். முதல் நாளே போன் போட்டு நேரம் கேட்டுக்கொண்டு போங்கள்.

படி 5: பேச்சு

நோய் பெயர் எதுவும் வாயில் வரக் கூடாது. "சுகர் குறையும்" என்று நோட்டீஸ் அடித்தால் 1954ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரச் சட்டம் வரைக்கும் போகும். ஹெல்த் சப்ளிமென்ட் லேபிளிலேயே 'மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று இருக்குமே! அப்லைன் அனுப்பும் "அற்புத அனுபவம்" வீடியோக்களைக் கடைக்காரரிடம் காட்டாதீர்கள். சின்ன ஃபிளாஸ்க்கில் சுடச்சுடக் கலந்து கொண்டு போய் ஒரு கப் கொடுங்கள். இந்தக் குளிரில் ஜில்லென்று கொடுத்தால் யார் குடிப்பார்கள்?

அப்புறம் நேராகப் பணக் கணக்கு. பெட்டி எம்.ஆர்.பி. 600, உங்களுக்கு 20 சதவீதம் கழிவு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அடக்கம் 480. கடைக்காரர் 15 சதவீதம் கேட்பார், அதாவது 90. உங்கள் கைக்கு வருவது 510. ஒரு பெட்டிக்கு 30 ரூபாய், அதிலும் பஸ் செலவு போகணும். மாதக் கடைசியில் கம்பெனி போடும் பாயின்ட் கமிஷனை இதில் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள், அது வந்தால் வந்த பிறகு பார்க்கலாம். இந்த 30 ரூபாய் கட்டுப்படியாக ஒரே ரூட்டில் ஏழெட்டுக் கடையாவது இருக்க வேண்டும். ஒரு கடைக்காக மஞ்சூர் வரை போவது வீண்.

"வித்தா காசு" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். சரி என்று சொல்லுங்கள், ஆனால் சரக்கைக் குறைவாக வையுங்கள். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். என் அனுபவத்தில் மார்ஜினை விட இந்த ஒரு வார்த்தைக்குத்தான் கடை திறந்தது. பேட்ச் எண், காலாவதி, எண்ணிக்கை எழுதிய சலானில் கையெழுத்து வாங்குங்கள். கார்பன் வைத்த பில் புக்தான் எனக்குப் பிடித்தது. பாதி வளைவுகளில் டவரே கிடைக்காத ஊரில் பில்லிங் ஆப் எதற்கு?

கடைக்காரரை உங்களுக்குக் கீழே சேர்க்கும் பேச்சை எடுக்காதீர்கள். சரக்கு விற்க வந்தவரா, ஆள் சேர்க்க வந்தவரா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அடுத்த முறை "ஓனர் இல்லைங்க" என்பார் ஓனரே.

பிற்சேர்க்கை: கொடைக்கானலில் இருந்து ஒருவர், அங்கே பாட்டில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அங்கேயும் இதே கதைதான். 2024இல் ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர், குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. பொடிக்கே போங்கள்.

இன்னொன்று: "எங்கள் பாக்கெட்டில் ஹெர்பல் டீ என்று இருக்கிறது, பரவாயில்லையா?" என்று ஒரு கேள்வி. தேயிலைச் செடியில் இருந்து வராததை டீ என்று லேபிளில் போடக் கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 டிசம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. பழைய லேபிள் சரக்கு என்றால் எடுக்காதீர்கள், கம்பெனியிடம் புது லேபிள் எப்போது வரும் என்று கேளுங்கள்.