வேர்ஷிப் என்ற சொல்லைப் பிள்ளைக்குப் பிரித்துக் காட்டுவது எப்படி

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஆங்கிலக் கட்டுரைக் கொப்பியோடு வந்தாள். கண்ணகி அம்மனை நாங்கள் 'வேர்ஷிப்' பண்ணுகிறோம், அதாவது வழிபடுகிறோம், என்று எழுதியிருந்தாள். "மிஸ், இந்தச் சொல்லுக்குள்ள ஏன் கப்பல் நிக்குது?" என்றாள். முல்லைத்தீவில் கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வேறென்ன கேட்பாள்! அன்று நான் படிப்பித்த முறையை இங்கே எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற அம்மாமாரும் ஒரு மணித்தியாலத்தில் செய்யலாம்.

முதலில் கப்பலை இறக்கிவிடுங்கள். ஃபிரெண்ட்ஷிப், லீடர்ஷிப் இரண்டையும் பலகையில் எழுதி 'ஷிப்' என்ற வாலைக் கையால் மறையுங்கள். தோழன் தோழமை ஆவதுபோல, தலைவன் தலைமை ஆவதுபோல, அந்த வாலும் தன்மையைக் காட்டும் விகுதிதான் என்பது பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

வேர்ஷிப்பின் வாலை மறைத்தால் மிஞ்சுவது தனிச்சொல்லாக நிற்காது. பிள்ளை முழிக்கட்டும், அவசரப்பட வேண்டாம். பிறகு பெறுமதி என்று பொருள்படும் 'வேர்த்' என்ற சொல்லோடு வாலை ஒட்டி, 'வேர்த்ஷிப்' என்று பத்துத் தடவை வேகமாகச் சொல்லவிடுங்கள். பாதியிலேயே நடுவில் உள்ள 'த்' கழன்று விழும். ஆங்கிலேயர் வாயிலும் அது அப்படித்தான் விழுந்தது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பெறுமதி, மதிப்பு, மரியாதை என்றுதான் பொருள். கடவுளை வணங்குவது என்ற பொருள் பிறகு வந்து ஏறியது.

இந்த இடத்தில் நேரத்தைத் தாராளமாகச் செலவழியுங்கள். 14ஆம் நூற்றாண்டில் விக்லிஃப் பெயரால் வழங்கிய ஆங்கில வேதாகமத்தில், யோவான் 12:26இல், தமக்கு ஊழியம் செய்கிறவனைத் தம் பிதா 'வேர்ஷிப்' செய்வார் என்று இயேசு சொல்கிறார். கடவுள் மனிதனை! 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அந்த இடத்துக்கு மதிப்பளித்தல் என்று பொருள்படும் 'ஹானர்' வந்துவிட்டது. 1549ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் திருச்சபைச் செபநூலில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து, என் உடலால் உன்னை 'வேர்ஷிப்' செய்கிறேன் என்பான். எங்கள் நாட்டில் மாநகர முதல்வரை 'வணக்கத்துக்குரிய' என்று அழைப்பிதழில் போடுகிறோமே, அதுவும் இந்தப் பழைய மரியாதைதான். மேயரை யாரும் கும்பிடுவதில்லை என்று நான் சொன்னதும் வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றோடு அந்தச் சொல் அவர்களுக்கு மறக்கவேயில்லை.

அடுத்து எங்கள் சொல்லையும் அதேபோல் பிரியுங்கள். வழிபடு: வழி, படு. ஒருவர் காட்டிய வழியில் நடப்பது. நன்னூல், மாணவன் நேரத்தோடு ஆசிரியரிடம் போய் வழிபடச் சலிக்கக்கூடாது என்கிறது. அங்கேயும் மனிதருக்குத்தான் வழிபாடு! இதைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசம் சொல்லிமுடியாது. வகுப்பில் தொழுகை என்று சொல்லும் பிள்ளையும் இருக்கும், மடு மாதா கோயிலுக்குப் போய்வந்து ஆராதனை என்று சொல்லும் பிள்ளையும் இருக்கும். எல்லாவற்றையும் பலகையில் ஏற்றுங்கள்.

எழுத்துக்கூட்டலையும் விட்டுவிட வேண்டாம். இறந்தகாலத்தில் எழுதும்போது பிரித்தானிய முறையில் 'பி' இரண்டு வரும். அமெரிக்கர் ஒன்றோடு விடுவார்கள். எங்கள் பரீட்சைக்கு இரண்டு.