ஆள் எண்ணிக்கை அல்ல அளவு: பொறியாளர்கள் போடும் தப்புக் கணக்குகள்

வேலை தேடும் பொறியாளரும் அவரைப் பெற்றவர்களும் ஒரு நிறுவனத்தைப் பற்றி முதலில் விசாரிப்பது, அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைத்தான். பாதுகாப்பை நினைத்துக் கேட்கும் நியாயமான கேள்வி. ஆனால் சம்பளம் எதனால் உயர்கிறது, பத்து ஆண்டு கழித்து அந்த வேலை என்னவாகும் என்பதற்கு அந்த எண்ணிக்கை பதில் சொல்லாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: விற்பனை இரண்டு மடங்கானால் செலவு எத்தனை மடங்காகும்?

பள்ளிப் பொருளியலில் ‘பேரளவு உற்பத்தியின் சிக்கனங்கள்’ என்று ஒரு பாடம் உண்டு. ஒருமுறை போட்ட முதலீட்டை எத்தனை அதிகமான அலகுகள் பகிர்ந்துகொள்கின்றனவோ, அந்த அளவுக்கு ஓர் அலகின் அடக்கச் செலவு குறையும். தேர்வுக்குப் படித்து மறந்துவிடும் இந்தப் பாடம்தான் மென்பொருளும் சிப்பும் செய்யும் நம் துறையில் யார் பிழைப்பார்கள், யாருக்கு என்ன சம்பளம் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

ஆள்பலத்தையே அளவு என்று கொள்வது முதல் தவறு. 2014 பிப்ரவரியில் வாட்ஸ்அப்பைச் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக பேஸ்புக் அறிவித்தபோது, அந்தச் செயலியைப் பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய 45 கோடி பேர். ஊழியர்களோ 55 பேர்தான். மென்பொருளை ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்த பயனரைச் சேர்க்க ஆகும் செலவு மிகச் சொற்பம். மாறாக, பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து தரும் டி.சி.எஸ். போன்ற சேவை நிறுவனத்தில் சுமார் ஆறு லட்சம் பேர் பணிபுரிகிறார்கள். அங்கே பெரும்பகுதி வருமானம் வாடிக்கையாளருக்காக எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பதோடு கட்டுண்டது. புதிய ஒப்பந்தம் வந்தால் புதிய ஆட்கள் வேண்டும். வருமானமும் சம்பளச் செலவும் கைகோத்தே ஏறுகின்றன. கல்லூரியிலிருந்து நேராக வருபவருக்கு இத்தகைய நிறுவனங்கள் தரும் ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்பதற்குக் காரணங்கள் பல. ஆண்டுதோறும் வெளிவரும் பட்டதாரிகளின் கூட்டம் ஒரு காரணம் என்றால், இந்த வணிக அமைப்பும் ஒரு காரணம். இரண்டு இடத்திலும் ஒருவர் எழுதும் நிரல் ஒரே தரத்தில் இருக்கலாம். அது எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்து பணமாகிறது என்பதில்தான் வேறுபாடு. குறைந்த சம்பளத்தைத் தன் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண் என்று நினைத்துக் குமையும் இளைஞர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அப்படியானால் முதலீடு மிகப் பெரிதாக உள்ள துறைதான் பொறியாளருக்கு நல்லதா? இந்த முடிவுக்கும் அவசரப்படக் கூடாது. சிப் உற்பத்தியைப் பார்ப்போம். மிக நவீன சிப் ஆலை ஒன்றைக் கட்ட 2,000 கோடி டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நடப்பில் இது மிகையான தொகை அல்ல. இயந்திரங்கள் விரைவில் பழசாகிவிடும் என்பதால் ஐந்தே ஆண்டுகளில் அந்தப் பணத்தை மீட்க வேண்டும். அதாவது ஆண்டுக்கு 400 கோடி டாலர். மாதம் 50,000 வேஃபர், அதாவது சிப்கள் செதுக்கப்படும் சிலிக்கான் வட்டுகள், வெளியே வந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் ஆலைச் செலவு மட்டும் சுமார் 6,700 டாலர். ஆர்டர் பாதியாகக் குறைந்தால் அதே வட்டின் மேல் 13,300 டாலர். மின்சாரம், ரசாயனம், சம்பளம் எல்லாம் இதற்கு மேல். ஆலையை நிரப்ப முடியாதவர் எவ்வளவு திறமைசாலியானாலும் விலையில் தோற்றுவிடுவார்.

2018 ஆகஸ்டில் குளோபல்ஃபவுண்டரிஸ் என்ற சிப் உற்பத்தி நிறுவனம் 7 நானோமீட்டர் (இந்த எண் குறையக் குறைய சிப் நவீனமானது) தொழில்நுட்ப முயற்சியைக் கைவிட்டதன் பின்னணி இதுதான். ஏ.எம்.டி. என்ற சிப் நிறுவனத்தின் ஆலைகளிலிருந்து 2009-இல் உருவான நிறுவனம் அது. அங்கிருந்த பொறியாளர்களின் அறிவில் குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அத்தனை முதலீட்டைத் தாங்கும் அளவுக்கு ஆர்டர் திரளாது என்பதே கணக்கு. 2000-களின் தொடக்கத்தில் அன்றைய மிக நவீன சிப்களைச் செய்ய இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தன. குளோபல்ஃபவுண்டரிஸ் விலகிய பிறகு முன்னணியில் மிஞ்சியவை டி.எஸ்.எம்.சி., சாம்சங், இன்டெல் ஆகிய மூன்று. அவர்களுக்குத் தேவையான, சிப்பின் மிக நுண்ணிய கோடுகளை ஒளியால் அச்சிடும் இயந்திரத்தைச் செய்வது நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். ஒன்றே.

இதில் ஒரு பொறியாளருக்கு என்ன இருக்கிறது? நுண்மின்னணு உற்பத்தியில் உச்சத் திறன் பெற்ற ஒருவருக்கு, அந்தத் திறனின் முழு மதிப்பையும் தரக்கூடிய முதலாளிகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். வேலை மாற வேண்டுமானால் பெரும்பாலும் ஊரையே, சில நேரம் நாட்டையே மாற்ற வேண்டும். பேரளவுச் சிக்கனம் செலவைக் குறைக்கும்போதே முதலாளிகளின் எண்ணிக்கையையும் குறைக்கிறது. அரிய திறமை என்றால் பேரம் பேசும் பலம் தானாக வரும் என்று நம்புவோர் இதைக் கவனிப்பதில்லை.

பெரிய நிறுவனத்துக்கு உள்ளேயும் ஒரு கண்ணி உண்டு. லட்சக்கணக்கான சர்வர்களை இயக்கும் இடத்தில், கம்பைலரில், அதாவது நிரலைக் கணினி இயக்கும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளில், ஒரு சதவீத வேகத்தைக் கூட்டும் பொறியாளர் தன் சம்பளத்தைப் போலப் பல மடங்கை மிச்சப்படுத்திவிடுவார். அருமையான வேலை, ஆழமான வேலை. பத்தே சர்வர் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு சதவீதம் பொருட்டே அல்ல. அந்த வேலையில் சேர வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறுவனத்தின் சொந்தக் கருவிகளை மட்டும் கற்றுக்கொண்டு ஆண்டுகளைக் கழிக்காமல், அடியில் இருக்கும் கொள்கைகளையும் சேர்த்துக் கற்க வேண்டும். கருவி அங்கேயே தங்கிவிடும்.

இதன் மறுபக்கம், சிறிய நிறுவனங்கள் ராட்சத நிறுவனங்களைப் பார்த்து அப்படியே செய்வது. சில ஆயிரம் பயனர்கள் மட்டுமே உள்ள செயலியை முப்பது மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியே இயங்கும் குட்டி நிரல்களாக, உடைத்து, அவற்றை மேய்க்கவே பாதிக் குழுவைச் செலவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான குழுக்கள் ஒன்றையொன்று தடுக்காமல் வேலை செய்ய உருவான ஏற்பாடு அது. ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரே நிரல் தொகுப்பும் ஒரு நல்ல தரவுத்தளமும் போதும்.

அளவு கூடக்கூடச் சிக்கனமும் கூடிக்கொண்டே போகும் என்று நம்புவது மேலாளர்கள் செய்யும் தவறு. ஐ.பி.எம்.மில் 1960-களில் ஓஎஸ்/360 இயங்குதளப் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று எழுதினார். ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேச வேண்டிய தொடர்புகள் 10. ஐம்பது பேர் என்றால் 1,225.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிறியவர்களுக்கு இங்கே இடமே இல்லை என்று முடிவு செய்வதும் தவறு. அடுத்தவரின் பேரளவை வாடகைக்கு எடுக்க முடியும். 1987-இல் மோரிஸ் சாங் தைவானில் டி.எஸ்.எம்.சி.யைத் தொடங்கியது பிறர் வடிவமைத்த சிப்களைச் செய்து தருவதற்காகவே. அதனால்தான் 1993-இல் மூன்று பேர் தொடங்கிய, சிப் வடிவமைக்கும் என்விடியா சொந்த ஆலை இல்லாமலே வளர முடிந்தது. 2006-இல் அமேசான் தன் சேமிப்பகத்தையும் சர்வர்களையும் வாடகைக்கு விட்டபோது மென்பொருளுக்கும் அதே வழி திறந்தது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த கணினிச் சிப்பான சக்தி புராசஸர் 2018-இல் முதலில் அமெரிக்காவில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரிலும், பிறகு சண்டிகரை அடுத்த மொஹாலியில் உள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டரிலும் உருப்பெற்றது. அதை வடிவமைத்தவர்கள் ஒரு பேராசிரியர் குழுவும் அவர்களுடைய மாணவர்களும்.